வெள்ளணி நாளும் யவனர் தேறலும்

அம்மாவுக்குப் பிறந்தநாள் ஜனவரி 1. அப்படித்தான் ஆதார் அட்டை சொல்கிறது. முகாமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் "பொறந்த தேதி இன்னாம்மா?" என்று கேட்டிருக்கிறான். "கார்த்திகை மாசம். மழை பேஞ்சி தறிக்குழியில தண்ணி நின்ன வருசம்னு எங்கம்மா சொல்லும்" என்றிருக்கிறாள் அம்மா. அவன் வயதை மட்டும் கேட்டு, ஆண்டைக் கணக்குப் போட்டுவிட்டான். நாளும் மாதமும் தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று தானாக விழுந்துவிடும். அம்மையார்குப்பத்தில் எங்கள் தெருவில் அவள் வயதுப் பெண்களில் பாதிப் பேர் ஜனவரி 1-இல் பிறந்தவர்கள்தான்.

அந்தக் கணக்குப்படி அம்மாவுக்கு அறுபது முடிந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கச்சி போன் செய்தாள். "ண்ணா, அம்மாவுக்குச் சொல்லாத. சர்ப்ரைஸ். சனி, ஞாயிறு ரெண்டு நாள். நந்தி மலைக்குக் கீழ ஒரு இடம் புக் பண்ணிட்டேன். செம இடம்."

"என்ன இடம்?"

"திராட்சைத் தோட்டம்" என்றாள். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "வைன் பண்ற எடம்ணா" என்றாள்.

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் அப்பா குடித்துச் செத்தவர். அறுபதைப் பார்க்கவில்லை. அதனால் அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணமும் இல்லை. ஆணுக்கு அறுபது நிறையும்போது மனைவிக்கும் சேர்த்து மாலை விழும் சடங்கு அது. கணவன் இல்லாத பெண்ணுக்கு அறுபது வந்தால் அதற்கென்று நம் வழக்கத்தில் எதுவுமே கிடையாது. தங்கச்சி அந்த வெற்றிடத்தில்தான் ஒரு வார இறுதியை புக் செய்திருந்தாள். அது போய் விழுந்த இடம் வைன் தோட்டம்.

அந்த இரண்டு நாளும், அதற்குப் பிறகும் நான் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. பிறந்தநாள், திராட்சை மது இரண்டும் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தன? யாரிடமிருந்து வந்தன?

*

பிறந்தநாள் கொண்டாடுவது வெள்ளைக்காரன் கொடுத்தது என்று பொதுவாகச் சொல்கிறோம். கேக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் அது பொருந்தும். கொண்டாட்டம் அதைவிடப் பழையது. தொல்காப்பியத்தின் புறத்திணையியல் அரசனின் பிறந்தநாளைப் பாடுவதைத் தனி ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. அன்று அரசன் சினத்தை ஒதுக்கி வைப்பான், வெள்ளை உடுத்துவான், சிறையில் இருப்பவர்களை விடுவிப்பான் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அதனால் அதற்கு 'வெள்ளணி நாள்' என்று பெயர். சோழர் காலத்துக்கு வந்தால் அரசன் பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலில் விழா எடுக்க நிவந்தம் விட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ராஜராஜனுக்குச் சதயம், ராஜேந்திரனுக்குத் திருவாதிரை. தஞ்சாவூரில் ஐப்பசிச் சதயத்தை இன்றைக்கும் அரசு விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆக, பிறந்தநாள் நம்மிடம் இருந்தது. ஆனால் அது அரசனுடையது. நெய்கிறவருக்கும் உழுகிறவருக்கும் பிறந்த மாதம் தெரியும், அந்த ஆண்டு வந்த மழையோ பஞ்சமோ தெரியும். தேதி தேவைப்படவில்லை. தேதியைக் கேட்டது பள்ளிக்கூடம். தலைக்கு மேல் கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்டு, வாத்தியார் ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதுவார். நாடு முழுக்கப் பிறப்பு, இறப்பைப் பதிவது கட்டாயம் என்ற சட்டம் வந்தது 1969-இல்தான். அம்மா அதற்கு முன்னால் பிறந்தவள், பள்ளிக்கூடம் பக்கமும் போகாதவள். எனவே அவளுக்கு ஒரு தேதி கிடைக்க ஆதார் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தேதி ஜனவரி 1 என்பதில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு ஒரு வேடிக்கை உண்டு. திருத்தணி மலைக்கு 365 படிகள், வருசத்துக்கு நாள் கணக்கு. டிசம்பர் 31-இல் படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, படிக்குப் படி கற்பூரம் ஏற்றி மேலே போகும் படித்திருவிழா நடக்கும். இதைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டன்று மாலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்கிற வழக்கம் அவருக்குப் பொறுக்கவில்லை. துரைக்கெல்லாம் துரையான தணிகை முருகனைப் போய்ப் பார்ப்போம் என்று 1917 டிசம்பர் 31-இல் அடியார்களைக் கூட்டிக்கொண்டு படியேறினார். துரைமார்களின் காலண்டரை அவர் தூக்கி எறியவில்லை. அதே நாளை எடுத்து முருகனுக்குக் கொடுத்துவிட்டார். நூறு வருசத்துக்கும் மேலாக அது எங்கள் விழா. அம்மா வருசா வருசம் போவாள். இந்தத் தடவையும் போய், முட்டி வலியோடு திரும்பி வந்து, தார் சுற்ற உட்கார்ந்திருந்தாள். அந்த வாரச் சனிக்கிழமை விடிகாலை அவளைக் காரில் ஏற்றினோம்.

"எங்கடா போறோம்?"

"நந்தீஸ்வரர் கோயிலுக்கும்மா" என்றேன். அதில் பொய் இல்லை. நந்தி மலை அடிவாரத்தில் போக நந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. தங்கப்போவதும் அதற்குப் பக்கத்தில்தான்.

*

எங்கள் ஊரிலிருந்து பெங்களூர்ப் பக்கம் போக வேண்டுமானால் சித்தூரைத் தாண்ட வேண்டும். ஆந்திர எல்லை எங்களுக்குத் தூரமில்லை. அம்மா எங்களோடு தமிழிலும், சந்தையில் வருகிறவர்களோடு தெலுங்கிலும் பேசுவாள். இந்த எல்லைக் கோடும் குடியின் வரலாறும் எங்கள் பகுதியில் பின்னிக் கிடப்பதை அந்தச் சாலையில் போகும்போது நினைத்துக்கொண்டேன்.

ராஜாஜி சென்னை மாகாண முதல்வரானதும் 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. அப்போது திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆக, இந்தியாவிலேயே முதலில் 'காய்ந்த' பகுதிகளில் எங்கள் பக்கமும் ஒன்று. கள், சாராயக் குத்தகையில் வந்த வருமானம் போனதால் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரி போட்டார்கள். இன்று நாம் கட்டுகிற ஜிஎஸ்டிக்குக் கொள்ளுத் தாத்தா அது. குடிக்கிறவனிடம் வாங்கிய காசை, குடிக்காதவனிடமும் வாங்குவது என்று ஆயிற்று. போர்க்காலத்தில், காங்கிரஸ் பதவியில் இல்லாதபோது, மதுவிலக்கு நின்றுபோனது. விடுதலைக்குப் பிறகு 1948-இல் மாகாணம் முழுக்க அமலானது.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி ஆந்திரத்தோடு போனது. ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடிய கதை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அந்த இடைக்காலத்தில் எங்கள் முன்னோர் எந்த அரசின் குடிமக்களாக இருந்தார்களோ அந்த அரசு கள்ளால் கவிழ்ந்தது என்பது. மதுவிலக்கில் பிழைப்பை இழந்த கள் இறக்குவோருக்காக கௌது லச்சண்ணா போராட்டம் நடத்தினார். மதுவிலக்கு தோற்றுவிட்டது, எடுத்துவிடலாம் என்று அரசு அமைத்த குழுவே சொன்னது. பிரகாசம் ஏற்கவில்லை. 1954 நவம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே ஒரு ஓட்டில் அவர் அரசு போனது. பிறகு படாஸ்கர் நடுவராக இருந்து எல்லையைப் பேசி முடித்தார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது.

எல்லையின் இரு பக்கமும் சட்டம் மாறி மாறி வந்தது. இங்கே 1971-இல் கடை திறந்தார்கள், 1973-74-இல் மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் வந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 இறுதியில் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கே வந்தன. அந்தப் பக்கம் 1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் கிளம்பிச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலமெங்கும் பரவியது. அதன் அலையில் என்.டி.ராமாராவ் 1995-இல் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். 1997-இல் சந்திரபாபு நாயுடு அதைத் தளர்த்தினார். அக்கம்பக்கத்து மாநிலங்களிலிருந்து சரக்கு கடத்தி வருவதை நிறுத்த முடியவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

கள்ளை நிறுத்தியதில் ஒரு கணக்கு இருக்கிறது. மரத்திலிருந்து இறக்கும் கள்ளில் ஆல்கஹால் நூற்றுக்கு ஐந்தைச் சுற்றித்தான் இருக்கும். டாஸ்மாக் கடையில் கிடைக்கும் பிராந்தியில் 42.8. கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட்டில் நிறமும் வாசனையும் சேர்த்தது அது. கள்ளைக் குடித்துக் கெட்டவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கள் இறக்குகிறவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, எட்டு மடங்கு வீரியமுள்ளதை அரசே விற்றது. அப்பா முதலில் குடித்தது சாராயம். பிறகு குவார்ட்டர் பாட்டில். கூலி வாங்குகிற நாளில் அம்மா தறியை நிறுத்திவிட்டுத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்தப் பார்வைதான் மதுவிலக்கின் வரலாறு.

*

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நந்தி மலை அந்தப் பக்கத்துக்கே ஒரு பெரிய யானை படுத்திருப்பதுபோல. மேலே திப்புவின் கோட்டை. 1791-இல் கார்ன்வாலிஸின் படை அதைப் பிடித்தது. பிறகு மைசூரை நிர்வகித்த வெள்ளை அதிகாரிகள் வெயிலுக்குத் தப்பி மேலே ஏறித் தங்கினார்கள். மார்க் கப்பன் அங்கே ஒரு வீடே கட்டிக்கொண்டார். வார இறுதிக்கு நந்தி மலைக்குப் போகிற பெங்களூர்க்காரர்கள் அவருடைய வாரிசுகள் என்று சொல்லலாம். வள்ளிமலை சுவாமிகள் துரைகளின் நாளை மாற்றினார். நாங்கள் துரைகளின் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

காரை விட்டு இறங்கியதும் அம்மா தோட்டத்தைப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் கம்பம், கம்பத்துக்குக் கம்பம் கம்பி, கம்பியில் கொடி. "பாவு போட்டாப்ல கீது" என்றாள். அவளுக்குப் பிடித்திருந்தது. தங்கச்சி நிம்மதியாகச் சிரித்தாள்.

திராட்சை நந்தி மலைக்குப் புதிதல்ல. 'பெங்களூர் ப்ளூ' என்கிற கறுத்த திராட்சை நூறு வருசத்துக்கு மேல் இந்த வட்டாரத்தில் விளைகிறது. புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அது தின்னவும் சாறு பிழியவும் ஆன பழம். நல்ல வைனுக்கு ஆகாது. வைனுக்கான பிரெஞ்சு ரகங்களை இங்கே கொண்டுவந்தவர் கன்வல் குரோவர். இயந்திர வியாபார விசயமாக பிரான்சுக்குப் போய்வந்துகொண்டிருந்தவருக்கு அந்த ஊர் வைனில் ஆசை விழுந்தது. ஷாம்பெயின் வட்டாரத்து ஜார்ஜ் வெசெல் என்பவரின் துணையோடு நாட்டின் பல பகுதி மண்ணைப் பார்த்து, கடைசியில் நந்தி மலை அடிவாரத்துத் தொட்டபள்ளாபூரில் 1988-இல் கொடி நட்டார். 1992-இல் அங்கே வைன் ஆலை வந்தது. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர். பகலில் வெயில், இரவில் குளிர். கொடிக்கு வேண்டியது அதுதான். மகாராஷ்டிரத்து நாராயண்காவில் 1980-களிலேயே பொங்கும் வைன் செய்யத் தொடங்கிவிட்டார்கள். நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா 2000-த்தை ஒட்டிச் சந்தைக்கு வந்தது.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும். இங்கே தூங்க விடாது வெயில். அதனால் வருசத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்கிறார்கள். கோடையில் ஒரு கவாத்து, மழை ஓயும்போது ஒன்று. ஆனால் அறுவடை ஒன்றுதான், ஜனவரி கடைசியிலிருந்து கோடைத் தொடக்கம் வரை. நாங்கள் போனபோது காய்கள் பச்சையிலிருந்து கருநீலத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒரே குலையில் இரண்டு நிறம்.

அம்மா வரிசைக்குள் போய்விட்டாள். அங்கே இலை கிள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு பேச்சு ஓடியது. அந்தப் பக்கத்தில் கன்னடத்துக்கு ஈடாகத் தெலுங்கும் புழங்கும். எங்களுக்கு 'கைடு' சொன்னதைவிட அதிகமாக அம்மா பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள், மருந்து அடித்தால் கண் எரிவது, கூலி எவ்வளவு. பிறகு தங்கச்சியிடம் கேட்டாள்: "உள்ள போறதுக்கு நீ எவ்ளோ கட்டுன?"

தங்கச்சி குறைத்துச் சொன்னாள். குறைத்துச் சொன்னதே அந்தப் பெண்ணின் இரண்டு நாள் கூலி.

"இந்தப் பழத்துல இன்னா பண்றாங்க?" என்று அம்மா அடுத்துக் கேட்டாள். யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

*

திராட்சை மது தமிழ்நாட்டுக்கு முதலில் வந்தது கப்பலில். புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரர், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல குப்பிகளில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவை, வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க, நாள்தோறும் அருந்தி மகிழ்ந்திரு என்கிறார். அந்தக் குப்பிகளின் உடைந்த துண்டுகளை 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டி எடுத்தார். இரண்டு கைப்பிடி வைத்த, அடி கூம்பிய சாடிகள். ஆம்போரா என்பார்கள். பின்னாளில் ஆய்வு செய்தவர்கள் அவற்றில் சில இத்தாலியிலிருந்தும், சில கிரேக்கத்துக் கோஸ் தீவின் பாணியிலும் வந்தவை என்று கண்டார்கள். கோஸ் தீவு மது கடல்நீர் கலந்து செய்வதற்குப் பேர்போனது. அதே காலத்தை ஒட்டி எகிப்துப் பக்கத்துக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு', முசிறி வட்டாரத்துக்கு இறக்குமதியாகும் சரக்குகளில் வைனையும் சேர்க்கிறது. கூடவே 'அதிகமில்லை' என்று ஒரு குறிப்பும் வைக்கிறது.

அந்த 'அதிகமில்லை' முக்கியம். யவனத் தேறல் அரண்மனைக்கு மட்டும் போதுமான அளவே வந்தது. ஊர் குடித்தது வேறு. பனங்கள், தென்னங்கள், அரிசியிலிருந்து செய்த தோப்பி, மூங்கில் குழாயில் ஊறவைத்த தேன். பட்டினப்பாலையின் புகாரில் கள் விற்கும் வீட்டு வாசலில் கொடி பறக்கிறது. அதியமான் செத்தபோது ஔவையார் முதலில் நினைத்துக்கொள்வது, சிறிது கள் இருந்தால் அவன் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்பதை. ஒரு பெண் புலவர் அரசனோடு கள் பகிர்ந்ததைச் சபையறியச் சொல்லி அழ முடிந்திருக்கிறது. அதற்கு வெட்கம் தேவைப்படவில்லை.

வெட்கம் பிறகு வருகிறது. திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதில் ஒரு குறள் பெற்ற தாயின் முகத்துக்கு முன்னாலேயே குடிவெறி கசக்கும் என்றால் சான்றோர் முன்னால் எப்படி இருக்கும் என்று கேட்கிறது. வள்ளுவர் குடித்தவனின் உடம்பைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதைப் பார்க்க நேர்ந்த தாயையும் நினைத்தார். ஆனால் மனைவியின் முகத்தை அவரும் அங்கே கொண்டுவரவில்லை என்பதை இப்போது கவனிக்கிறேன்.

கள் சிறுமையாயிற்று. தேறல் பழம்பாட்டில் பெருமையாகவே நின்றுவிட்டது. இந்த இரட்டைப் பார்வை இன்றைய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. மகாராஷ்டிரம் 2001-இல் திராட்சை பதனிடும் தொழிலுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்து வைனுக்குச் சலுகை கொடுத்தது. கர்நாடகம் 2007-இல் அதையே செய்து தனி வாரியமும் அமைத்தது. அங்கே வைன் உழவரின் பொருள். தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது சுற்றுலா. இங்கே பனையிலிருந்து இறக்குவதும் உழவரின் பொருள்தான். ஆனால் பானையைக் கையில் வைத்திருந்தால் வழக்கு. ஒன்றில் பழச்சாறு புளிக்கிறது, இன்னொன்றில் பாளைச்சாறு. நொதியைக் கேட்டால் இரண்டும் ஒன்று என்றுதான் சொல்லும்.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் திராட்சை இல்லாமல் இல்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருசம் முழுக்கக் காய்க்கிறது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதைக் கொண்டுவந்தார் என்பது அந்தப் பக்கத்தில் சொல்லும் வரலாறு. 2023-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பூசைக்கு வைன் வேண்டிய பாதிரியார்கள் வழியாகத் திராட்சை வந்த ஊர்கள் உலகமெங்கும் உண்டு. கம்பத்தின் பழம் பெரும்பாலும் நம் ஊர்த் தள்ளுவண்டிகளுக்கே வருகிறது. கல்யாண வீட்டு ஜூசாகிறது. அம்மாவுக்குத் திராட்சை என்றால் அதுதான்.

*

மாலையில் 'டேஸ்டிங்' இருந்தது. நீளமான மர மேசை, ஆளுக்கு ஐந்து கண்ணாடிக் கிளாஸ். சுற்றிலும் எங்களைப் போலப் பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள் இரண்டு கூட்டம். பெண்கள் சரளமாகக் கிளாஸைச் சுழற்றினார்கள். யாரும் யாரையும் தப்பாகப் பார்க்கவில்லை. எனக்கு அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் டாஸ்மாக் கடை இருக்கும் தெருவில் நடக்கவே யோசிப்பாள். ஆணுக்கு இருட்டுச் சந்தில் நின்று அவசரமாகக் கவிழ்த்துவிட்டுப் போவதுதான் குடி. உட்கார்ந்து, பேசி, சாப்பாட்டோடு கொஞ்சமாகக் குடிக்கிற இடத்தை நாம் ஏழைகளுக்குக் கட்டவே இல்லை. தங்கச்சி இதைத்தான் எனக்குப் போனில் வாதாடியிருந்தாள். "அப்பா குடிச்சது வேற, இது வேற, ண்ணா."

வேறுதானா? 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் அது பாதுகாப்பான அளவு என்று சொல்ல முடியாது என்று அறிவித்தது. கல்லீரலுக்கு மர மேசை தெரியாது. ஆனால் தங்கச்சி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அப்பாவைக் கொன்றது ஆல்கஹால் மட்டும் இல்லை. இருபது வருசம் ஏறாத கூலி, விசைத்தறி வந்த பிறகு வேலையில்லாத கைத்தறி, வேறு எங்கும் போக இடமில்லாத மாலைகள், தெருமுனையில் அரசே திறந்து வைத்த கடை. இதில் எந்த ஒன்றையும் அந்தத் தோட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் சுமக்கவில்லை. அதனால்தான் அவர்களுடைய குடி அழகாக இருக்கிறது.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கிச் சொன்ன பையன் தமிழ் தெரிந்தவன், ஓசூர்ப் பக்கம். "இது செனின் பிளாங், இது ஷிராஸ்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். முகர்ந்து பார்க்கச் சொன்னான். தங்கச்சி தடுக்கப் பார்த்தாள். அம்மா கிளாஸைக் கையில் எடுத்துவிட்டாள். மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் தங்கச்சியைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை.

"இதுல அந்த நாத்தம் இல்லியே" என்றாள் அம்மா. அதைச் சொன்ன குரலில் ஆறுதல் இல்லை. ஏமாற்றப்பட்டவளின் குரல். முப்பது வருசம் தான் சகித்த நாற்றம் குடிக்கே உரியது, அதைத் தவிர்க்கவே முடியாது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். வாசனையான குடி என்று ஒன்று இவ்வளவு காலமும் வேறு யாருக்கோ இருந்திருக்கிறது.

கிளாஸைக் கீழே வைத்தாள். குடிக்கவில்லை. "இதுக்கும் அதுக்கும் ஏன்டா வேற வேற பேரு?" என்றாள்.

யவனர், நக்கீரர், வள்ளுவர், ராஜாஜி, டாஸ்மாக் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அவளைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர்கள் அந்த மேசையில் யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேக் வந்தது. மெழுகுவர்த்தியை ஊத மாட்டேன் என்றாள், விளக்கை அணைக்கக் கூடாதாம். அது தானாக எரிந்து முடியும் வரை எல்லோரும் காத்திருந்தோம். பக்கத்து மேசைக் கூட்டமும் சேர்ந்து அவளுக்குப் பாட்டுப் பாடியது. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அன்று அவள் கட்டியிருந்தது வெளிர் நிறப் புடவை. வெள்ளணி என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

*

ஞாயிற்றுக்கிழமை நந்தீஸ்வரரைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். தோட்டத்தில் பழம் கேட்டதற்கு விற்க மாட்டோம் என்றார்கள். வைன் பழம் தின்னுவதற்கு இல்லை, விதையும் தோலுமாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு அது பெரிய குறை. சிக்கபள்ளாபூர் தாண்டி ரோட்டோரத்தில் ஒரு பெண் கூடையில் கறுத்த திராட்சை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். காரை நிறுத்தச் சொல்லி, பேரம் பேசாமல் நான்கு கிலோ வாங்கினாள். அம்மா பேரம் பேசாமல் எதையாவது வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை தெருவில் வீட்டுக்கு ஒரு குலை கொடுத்துக்கொண்டு போனாள். தறிச் சத்தத்துக்கு மேலே எதிர்வீட்டு அத்தை கத்திக் கேட்டாள்: "இன்னா விசேசம்? எங்க பூட்டீங்க ரெண்டு நாளா?"

"எனக்குப் பொறந்தநாளு. பசங்க திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டினு போனாங்க" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னாள்.